தீம் குரூஸுக்குக் கூட்டமாகக் கிளம்புகிறவர்களுக்கு: பெட்டி கட்டுவது பற்றி முழு வழிகாட்டி

ஒரு குறிப்பிட்ட இசை, நடனம், பின்னல் வேலை, சதுரங்கம், ஒரு பழைய டிவி தொடர் என்று ஏதாவது ஒன்றின் மேல் பித்துப் பிடித்தவர்கள் எல்லாரும் ஒரே கப்பலில் ஏறுவதுதான் தீம் குரூஸ். பகலில் வகுப்போ கச்சேரியோ நடக்கும். ராத்திரி வந்தால் ஒரு நாள் எல்லாருக்கும் வெள்ளை உடை, மறுநாள் எழுபதுகளின் டிஸ்கோ, அதற்கடுத்து கடற்கொள்ளையர் வேஷம். இது போக வெயில், நீச்சல், துறைமுகத்தில் இறங்கி ஊர் சுற்றுவது, ஒன்றிரண்டு இரவு கோட்டு சூட்டோடு விருந்து. இத்தனைக்கும் தனித்தனியாக எடுத்து வைக்கத் தொடங்கினால் ஆளுக்கு மூன்று பெட்டி ஆகிவிடும். சாதாரண கேபினோ சுமார் 14 முதல் 18 சதுர மீட்டர்தான், அதையும் இரண்டு பேர் பங்கு போட வேண்டும்.

என் கட்சி இதுதான்: தீம் உடையை முதலில் முடிவு செய்துவிட்டு, மற்ற துணிகளை அதைச் சுற்றிச் சேர்க்க வேண்டும். முக்கால்வாசிப் பேர் தலைகீழாகச் செய்கிறார்கள். வழக்கமான துணிகளால் பெட்டியை நிரப்பிவிட்டு, கடைசி ராத்திரி விக்கையும் சிறகையும் எங்கே திணிப்பது என்று முழிக்கிறார்கள்.

படி 1: பெட்டியைத் தொடுவதற்கு முன் நான்கு தகவல்கள்

எந்த இரவு என்ன தீம், சாப்பாட்டு அறையில் உடை விதி என்ன, கப்பலில் என்னென்ன தடை, எந்தெந்த ஊரில் நிற்கும். இந்த நான்கையும் கையில் வைத்துக்கொண்டுதான் தொடங்க வேண்டும். முதலாவதை தீம் ஏற்பாட்டாளர்கள் அனுப்புவார்கள். இரண்டும் மூன்றும் கப்பல் நிறுவனத்தின் இணையதளத்தில் இருக்கும், ஒவ்வொரு நிறுவனத்துக்கும் வேறுபடும், அதனால் போன வருஷம் வேறு கப்பலில் போன நண்பர் சொன்னதை நம்பி எதையும் எடுத்து வைக்காதீர்கள்.

நான்காவதை யாரும் கண்டுகொள்வதில்லை. ஆனால் உடையோடு அதற்கு நேரடித் தொடர்பு உண்டு. பார்படாஸ், ஜமைக்கா, செயின்ட் லூசியா, டிரினிடாட் போன்ற கரீபியன் நாடுகளில் ராணுவ உருமறைப்பு டிசைன் போட்ட துணியைப் பொதுமக்கள் அணிவது சட்டப்படி குற்றம். பச்சையும் பழுப்புமாகத் திட்டுத் திட்டாக இருக்குமே, அந்த கேமோ பேன்ட், தொப்பி, பை எதுவும் கூடாது, குழந்தைகளின் சட்டையும் சேர்த்துத்தான். "காடு" தீமுக்கு அதைத்தான் போடப்போகிறோம் என்று குழுவில் யாராவது கிளம்பினால் இப்போதே தடுத்துவிடுங்கள். கோயில், தேவாலயம், மசூதி பார்க்கிற ஊர் என்றால் தோளும் முட்டியும் மறைகிற ஒரு ஜோடி உடை கட்டாயம் வேண்டும்.

படி 2: குழுவில் யார் எதைக் கொண்டுவருவது

கூட்டமாகப் போவதில் பெரிய லாபம் சுமையைப் பங்கு போடுவதுதான், ஆனால் யாரும் பேசி வைத்துக்கொள்ளாததால் பன்னிரண்டு பேரும் பன்னிரண்டு முதலுதவிப் பெட்டி, எட்டு செல்ஃபி ஸ்டிக் என்று வந்து சேருவார்கள், பசை நாடா மட்டும் ஒருவரிடமும் இருக்காது. ஒரு பொதுப் பட்டியல் போட்டு, ஒவ்வொரு பொருளுக்கும் எதிரே ஒரு பெயரை எழுதுங்கள். பெயர் இல்லாத பொருள் வந்து சேராது.

பொதுவில் போதுமானவை: தையல் பெட்டி, ஊக்குகள், துணி ஒட்டும் இருபக்க டேப், கறை நீக்கும் பேனா, முக வண்ணமும் அதை அழிக்கும் துடைப்பான்களும், ஒரு நல்ல முதலுதவிப் பை, கேபின் கதவு அலங்காரம். ஊக்கு நிறையவே வேண்டும். வேஷ உடைகள் மலிவுத் தையல், நடன மேடைக்குப் போகும் வழியிலேயே பிரியும்.

கதவு அலங்காரம் என்றதும் ஒரு வார்த்தை. ஒரே மாதிரி கதவுகள் நீளமான நடைபாதையில் வரிசையாக இருப்பதால், நம் கூட்டத்தின் கேபின்களைக் கண்டுபிடிக்க இது உண்மையாகவே உதவுகிறது. பசை, டேப், கதவுக்கு மேல் மாட்டும் கொக்கி இவற்றையெல்லாம் பல கப்பல்களில் அனுமதிப்பதில்லை. காந்தம் மட்டும்தான். கூடவே எழுதி அழிக்கும் சின்ன காந்தப் பலகை ஒன்றை ஒட்டுங்கள். "ஆறு மணிக்கு மேல்தளத்தில் இருப்போம்" என்று எழுதிவிட்டுப் போகலாம். நடுக்கடலில் இணையத்துக்குக் காசு கட்டாதவர்களுக்கு வாட்ஸ்அப் வராது என்பதைக் கிளம்பும்போது ஒருவரும் நினைத்துப் பார்ப்பதில்லை.

எல்லாருக்கும் ஒரே மாதிரி டி-ஷர்ட் அச்சடிப்பது பழக்கமாகிவிட்டது. செய்யுங்கள், ஆனால் பருத்தியும் கனமான அச்சும் வெயிலில் உடம்போடு ஒட்டிக்கொள்ளும். மெல்லிய துணி, வெளிர் நிறம், சின்ன எழுத்து. ஒரு டி-ஷர்ட் போதும், நாளுக்கொன்று வேண்டாம்.

படி 3: தீம் உடைகள்

எல்லாத் தீம் இரவுக்கும் முழு வேஷம் போட வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்துவதில்லை. உங்களுக்கு நிஜமாகவே பிடித்த ஒன்றோ இரண்டோ இரவுகளைத் தேர்ந்தெடுத்து அவற்றுக்கு மட்டும் இடத்தையும் காசையும் செலவழியுங்கள். மீதி இரவுகளுக்குச் சாதாரண உடையின் மேல் ஒரே ஒரு பொருள்: டிஸ்கோவுக்குப் பெரிய கண்ணாடி, கொள்ளையருக்குத் தலையில் கட்டும் துணி, வெப்பமண்டல இரவுக்குப் பூப்போட்ட சட்டை. வெள்ளை இரவுக்கென்று தனியாக எதையும் வாங்காதீர்கள், வெள்ளைச் சட்டையோ வெள்ளைக் கவுனோ பகலில் கரையில் இறங்கும்போதும் போட்டுக்கொள்ளும்படி இருக்கட்டும். பூப்போட்ட சட்டையும் அப்படியே. கறுப்பு பேன்ட் ஒன்று இருந்தால் டிஸ்கோ, கொள்ளையர், முகமூடி நடனம், விருந்து நான்குக்கும் அதுவே ஓடிவிடும்.

வெப்பத்தை மறக்க வேண்டாம். மேல்தளத்தில் திறந்த வெளியில் நடக்கும் விருந்தில் பாலியஸ்டர் வேஷமும் விக்கும் போட்டு ஆடினால் கால் மணி நேரத்தில் வியர்த்து ஊற்றும், முக வண்ணம் வழியும். அந்த இரவு உள்ளே நடக்கிறதா வெளியே நடக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். வெளியே என்றால் காற்றும் சேர்ந்துகொள்ளும்: விக்கைத் தலையோடு பின் குத்த வேண்டும், அகலமான பாவாடைக்கு உள்ளே ஷார்ட்ஸ் வேண்டும், தொப்பிக்குத் தாடைக் கயிறு வேண்டும்.

பொம்மைக் கத்தியும் துப்பாக்கியும் வேண்டவே வேண்டாம். பிளாஸ்டிக்காக இருந்தாலும் பாதுகாப்புச் சோதனையில் பிடுங்கி வைத்துக்கொள்ள வாய்ப்பு அதிகம், விமான நிலையத்திலேயே கூட மாட்டலாம். கடற்கொள்ளையர் தீம் இரவை அந்தக் கப்பலே நடத்தினாலும் சரி, விதி விதிதான். உதிரும் ஜிகினாவும் வேண்டாம், குளத்திலும் கம்பளத்திலும் ஒட்டி கப்பல் ஊழியர்களின் வயிற்றெரிச்சலை வாங்கிக் கட்டிக்கொள்வீர்கள்.

விக்கைத் தலைகீழாகப் புரட்டி, உள்ளே சாக்ஸ் அடைத்து, வலைப்பையில் போட்டால் வடிவம் கெடாது. ஒவ்வொரு இரவின் உடை, நகை, கண்ணாடி எல்லாவற்றையும் ஒரே ஜிப் பைக்குள் போட்டு மேலே இரவின் பெயரை எழுதுங்கள். சாப்பாட்டுக்கும் நிகழ்ச்சிக்கும் நடுவில் கிடைக்கும் அரை மணி நேரத்தில், ஒரு குளியலறையை இரண்டு பேர் பங்கு போடும் கேபினில், கம்மலைத் தேடிக்கொண்டிருக்க முடியாது.

படி 4: மீதித் துணி

ஒரு வாரத்துக்கு நான் சொல்லும் கணக்கு: மேல்சட்டை ஐந்து, கால்சட்டை அல்லது பாவாடை மூன்று, விருந்துக்கு ஒரு நல்ல உடை, ஒரு மெல்லிய ஸ்வெட்டர் அல்லது சால்வை, மடித்தால் கைக்குள் அடங்கும் மழை ஜாக்கெட். உள்ளாடை மட்டும் நாளுக்கொன்றும் அதற்கு மேல் இரண்டும். நீச்சல் உடை இரண்டு, ஏனென்றால் ஈரக் கடல்காற்றில், காற்றோட்டம் இல்லாத குளியலறையில் தொங்கும் நீச்சல் உடை மறுநாள் காலையிலும் ஈரமாகத்தான் இருக்கும்.

வெப்பமான கடலுக்குப் போகும்போது ஸ்வெட்டர் எதற்கு என்று கேட்பீர்கள். கப்பலின் அரங்கமும் சாப்பாட்டு அறையும் ஏசியில் குளிரும், வெளியே வியர்த்துவிட்டு உள்ளே போய் இரண்டு மணி நேரம் உட்காரும்போது தெரியும்.

காலணியில்தான் எடை ஏறுகிறது. நடக்க ஒரு ஜோடி, தண்ணீரில் நனையக்கூடிய செருப்பு ஒரு ஜோடி, ஆடுவதற்கும் விருந்துக்கும் சேர்த்து ஒரு ஜோடி. மூன்றோடு நிறுத்துங்கள். ஆடும் கப்பலில் மெல்லிய குதி வேண்டாம், அகலமான குதி பரவாயில்லை. நடன குரூஸ் என்றால் மட்டும் நான்காவது ஜோடிக்கு நான் தலையாட்டுவேன், பாதத்தை அதில் வருத்திக்கொள்ள முடியாது.

குளியல் துண்டு, நீச்சல் குளத்துத் துண்டு, சோப்பு ஆகியவற்றைப் பெரும்பாலும் கப்பலே தரும். ஹேர் டிரையரும் இருக்கும். உங்கள் கப்பலில் உண்டா என்று பார்த்துவிட்டு வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

படி 5: இவற்றைக் கப்பலில் ஏற்ற மாட்டார்கள்

கப்பலில் மிகவும் அஞ்சுவது தீயைத்தான். அதனால் அயர்ன் பாக்ஸ், துணி ஸ்டீமர், மெழுகுவர்த்தி, ஊதுவத்தி, தண்ணீர் சூடாக்கும் கருவி இவையெல்லாம் பொதுவாகத் தடை. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் விஷயத்தில்தான் அதிகம் பேர் மாட்டுகிறார்கள். சர்ஜ் புரொடெக்டர் (மின்னழுத்தம் திடீரென ஏறினால் சாதனங்களைக் காக்கும் அமைப்பு) உள்ளது கண்டிப்பாகக் கூடாது: கப்பலின் மின் இணைப்பு முறை வீட்டில் உள்ளது போல் இல்லை, அதில் ஏதாவது கோளாறு வந்தால் பாதுகாக்க வேண்டிய அந்தக் கருவியே சூடாகித் தீப்பிடிக்கலாம் என்று அமெரிக்கக் கடலோரக் காவல் படை 2013-ல் எச்சரிக்கை விட்டிருக்கிறது. இப்போது பல நிறுவனங்கள் சாதாரண எக்ஸ்டென்ஷனையும் தடுக்கின்றன. மதுபானத்துக்கும் அளவுக் கட்டுப்பாடு உண்டு. டிரோனைப் பெரும்பாலும் அனுமதிப்பதில்லை.

அயர்ன் இல்லாமல் எப்படி? சுருக்கம் விழாத துணியாகத் தேர்ந்தெடுங்கள். மீறிச் சுருங்கினால் குளியலறையில் மாட்டிவிட்டுச் சுடுநீரில் குளியுங்கள், ஆவியில் ஓரளவு தளரும். சில கப்பல்களில் பயணிகளே பயன்படுத்தும் சலவை அறை உண்டு, அங்கே இஸ்திரிப் பெட்டியும் இருக்கும்.

பின்னல், தையல் குரூஸ் போகிறவர்கள் கத்தரிக்கோலின் நீளத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். பல நிறுவனங்கள் 10 சென்டிமீட்டர் அளவோடு நிறுத்திக்கொள்கின்றன. விமானத்தில் போவதானால் அதை செக்-இன் பெட்டியில் வைப்பதுதான் வம்பில்லாத வழி.

படி 6: கேபினுக்குள் இடம் பண்ணுவது

கேபின் சுவரும் பெரும்பாலும் கூரையும் எஃகு. வலுவான காந்தக் கொக்கி ஆறேழு கொண்டு போனால் தொப்பி, பை, ஈரத்துணி, வேஷம் எல்லாம் சுவரேறிவிடும், இந்தப் பயணத்துக்கென்றே ஒரே ஒரு பொருள் வாங்கலாம் என்றால் நான் இதைத்தான் சொல்வேன். காலிப் பெட்டி கட்டிலுக்கு அடியில் போகும். அதனால் அடுக்கிய பைகளை அப்படியே இழுப்பறைக்கு மாற்றும்படி கட்டினால் வேலை சுலபம்.

பழைய கப்பல்களில் ஒன்றோ இரண்டோ பிளக் பாயின்ட்தான். அமெரிக்க, ஐரோப்பிய வகைச் சொருகிகள் பரவலாக இருக்கும், அதற்கேற்ற அடாப்டரும், பல யுஎஸ்பி துளைகள் உள்ள சாதாரண சார்ஜர் ஒன்றும் எடுத்துக்கொள்ளுங்கள். சார்ஜரில் சர்ஜ் புரொடெக்டர் இல்லையென்று உறுதிசெய்துகொள்ளுங்கள். தூக்கத்தில் மூச்சுத் தடைபடாமல் இருக்க சிபாப் கருவி போடுகிறவர்கள் கப்பல் நிறுவனத்துக்கு முன்கூட்டியே தெரிவித்துவிட்டால் அதற்கான நீட்டிப்பு வயரையும் தண்ணீரையும் அவர்களே ஏற்பாடு செய்வது வழக்கம்.

படி 7: வெயில், கொசு, குமட்டல்

சன்ஸ்கிரீன் எவ்வளவு வேண்டும் என்பதில் எல்லாருமே குறைவாகத்தான் மதிப்பிடுகிறார்கள். பெரியவர் ஒருவருக்கு உடம்பு முழுக்க ஒரு தடவை பூச ஏறக்குறைய 30 மில்லி ஆகும், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, நீந்திய பிறகு மறுபடியும் பூச வேண்டும். அப்படியானால் 100 மில்லி ட்யூப் ஒருவருக்கு ஒரு கடற்கரை நாளைத் தாண்டாது. லிட்டர் கணக்கில் சுமக்க முடியாது என்பதால் முழுக்கை நீச்சல் சட்டை ஒன்று வாங்கிவிடுங்கள், முதுகும் கையும் அதற்குள் அடங்கிவிட்டால் முகம், கழுத்து, கால் மட்டும்தான் மீதி. சன்ஸ்கிரீனின் பாதுகாப்பு அளவைச் சொல்லும் எஸ்பிஎஃப் எண் 30 என்றால் அது தோலைச் சிவக்கவைக்கும் கதிர்களில் சுமார் 97 சதவீதத்தைத் தடுக்கிறது, 50 என்பது 98 சதவீதம். எஸ்பிஎஃப் எண் எத்தனை என்பதைவிட, மறக்காமல் திரும்பப் பூசுவதுதான் முக்கியம். ஹவாயில் 2021 முதல் ஆக்சிபென்சோன், ஆக்டினாக்சேட் என்ற ரசாயனங்கள் கலந்த சன்ஸ்கிரீன் விற்பனைக்குத் தடை, பசிபிக் தீவு நாடான பலாவ் 2020-லேயே தடை செய்துவிட்டது, காரணம் பவளப்பாறைக்கு அவை கெடுதல் என்பதுதான். துத்தநாக ஆக்சைடு அடிப்படையிலானதை வாங்கினால் பெரும்பாலான தீவுகளில் பிரச்சினை வராது.

கொசு விரட்டியும் பூச வேண்டும் என்றால் சன்ஸ்கிரீன் முதலில், அது காய்ந்த பிறகு விரட்டி.

கடல் நோய்க்கான மாத்திரை வாந்தி வந்த பிறகு போட்டால் பெரிதாகப் பலன் தராது, அலை எழுவதற்கு முன்பே போட வேண்டும். தூக்கம் வரும், மதுவோடு சேரக் கூடாது. எந்த மாத்திரை என்பதை உங்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், வேறு மருந்து சாப்பிடுகிறவர்கள் கட்டாயம் கேட்க வேண்டும். வயிற்றைப் புரட்டும்போது கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் உட்கார்ந்து தொடுவானத்தைப் பாருங்கள்.

கப்பல்களில் பரவி வாந்திபேதியை உண்டாக்கும் நோரோவைரஸை ஆல்கஹால் சானிடைசர் சரியாகக் கொல்லாது. சோப்புத் தண்ணீர்தான் வழி. சானிடைசர் பாட்டிலை நம்பி அலட்சியமாக இருக்க வேண்டாம் என்று குழுவில் எல்லாருக்கும் சொல்லிவையுங்கள், ஒருவருக்கு வந்தால் சேர்ந்து சாப்பிடுகிற கூட்டம் முழுவதும் படுத்துவிடும்.

அன்றாட மருந்துகளை நாட்கணக்குக்கு மேல் மூன்று நாலு நாளுக்குக் கூடுதலாக, கடையில் கொடுத்த அட்டையோடு, மருந்துச் சீட்டின் நகலோடு எடுத்து வையுங்கள். வலிக்கும் சளிக்கும் சாதாரணமாகப் போடுகிற சில மாத்திரைகள்கூட சில நாடுகளில் கட்டுப்பாட்டுக்குள் வருகின்றன. கேபினில் இருக்கும் சின்ன ஃப்ரிட்ஜ் பல நேரம் லேசாகக் குளிர்விக்கும் பெட்டி மட்டுமே, இன்சுலின் வைக்க வேண்டியவர்கள் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

படி 8: காகிதம், பணம், போன்

பாஸ்போர்ட் பயணம் முடிந்தும் ஆறு மாதம் செல்லுபடியாக இருக்க வேண்டும். கப்பல் கிளம்பிய நாட்டுக்கே திரும்பி வருகிறது என்றால் ஒருமுறை நுழையும் விசா போதாமல் போகலாம், பலமுறை நுழைவு விசா வேண்டுமா என்று பாருங்கள். சில ஊர்களுக்கு மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் தேவைப்படும். எல்லாவற்றின் நகலும் கேபின் தோழரின் பையில் ஒரு செட் இருக்கட்டும்.

கப்பலுக்குள் அவர்கள் தரும் அட்டையில்தான் எல்லாச் செலவும், கரையில் இறங்கினால் சில்லறை நோட்டுகள் வேண்டும்.

கப்பல் புறப்பட்டதும் போனை ஏரோப்ளேன் மோடில் போடுங்கள். நடுக்கடலில் கப்பலின் சொந்த செல்போன் நெட்வொர்க்கில் போன் தானாகச் சேர்ந்துகொண்டால் பில் மிரட்டும். பவர் பேங்க் விமானத்தில் கைப்பையில்தான் போக வேண்டும், விமான நிறுவனத்தின் அனுமதி இல்லாமல் 100 வாட்-அவருக்கு (Wh) மேல் போகக் கூடாது. 20,000 எம்ஏஎச் என்றால் சுமார் 74 வாட்-அவர், கவலையில்லை.

ஒரு சாதாரணக் கைக்கடிகாரம் எடுத்துக்கொள்ளுங்கள், இதைப் பெரும்பாலான பட்டியல்களில் பார்க்க மாட்டீர்கள். கப்பலின் நேரமும் ஊரின் நேரமும் வேறாக இருக்கலாம். கரையில் போன் தானாக ஊர் நேரத்துக்கு மாறிவிடும், நீங்கள் இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது என்று நிதானமாக உலாவுவீர்கள், கப்பல் காத்திருக்காது. கடிகாரத்தைக் கப்பல் நேரத்தில் வைத்துவிட்டு அப்புறம் தொடவே கூடாது.

படி 9: ஏறும் நாளின் கைப்பை

துறைமுகத்தில் பெரிய பெட்டியை வாங்கிக்கொள்வார்கள், அது உங்கள் கேபின் வாசலுக்கு வர மாலையோ இரவோ ஆகும். அதுவரை கையில் இருப்பதுதான் உங்கள் உலகம். பாஸ்போர்ட், மருந்து, சார்ஜர், நகை, கேமரா, நீச்சல் உடை, சன்ஸ்கிரீன், செருப்பு, முதல் இரவே தீம் இருந்தால் அந்த ஜிப் பையும். மற்றவர்கள் வேர்த்துக்கொண்டு ஜீன்ஸில் உட்கார்ந்திருக்கும்போது நீங்கள் குளத்தில் இருக்கலாம்.

பெட்டிக்கான காகித டேக்கை முன்பே அச்சிட்டு ஒளிபுகும் பிளாஸ்டிக் உறைக்குள் போடுங்கள். விமானத்தில் வந்து ஏறுகிற தம்பதியோ தோழிகளோ என்றால் ஒருவர் துணியில் ஒரு செட்டை மற்றவர் பெட்டியில் மாற்றி வையுங்கள், ஒரு பெட்டி தொலைந்தாலும் இருவருக்கும் உடுக்க இருக்கும். புறப்படுவதற்கு முன் அவசரகாலப் பயிற்சி எல்லாருக்கும் உண்டு. 2012-ல் கோஸ்டா கான்கார்டியா என்ற பயணிகள் கப்பலுக்கு நேர்ந்த விபத்துக்குப் பிறகு சர்வதேச விதி இறுக்கப்பட்டு 2015 முதல் கப்பல் கிளம்பும் முன்போ கிளம்பிய உடனேயோ அதை நடத்தியாக வேண்டும். அதை முடித்துவிட்டு வேஷம் கட்டுங்கள்.

படி 10: கடைசி இரவு

இறங்குவதற்கு முந்தின ராத்திரி பெட்டியைக் கட்டி நடைபாதையில் வைத்துவிடச் சொல்வார்கள், நள்ளிரவுக்குள் எடுத்துப் போய்விடுவார்கள். மறுநாள் காலை போட வேண்டிய உடை, உள்ளாடை, செருப்பு, மருந்து, பாஸ்போர்ட் எல்லாவற்றையும் கட்டில் மேல் எடுத்து வைத்துவிட்டுத்தான் ஜிப்பை மூடவும். எல்லாவற்றையும் உள்ளே வைத்து அனுப்பிவிட்டு, கடைசி இரவின் கொள்ளையர் உடையிலேயே குடியேற்றச் சோதனை வரிசையில் நிற்கிறவர்கள் உண்டு.

ஈரத்துணிக்குப் பிளாஸ்டிக் பை இரண்டு மூன்று முதலிலேயே எடுத்துப் போயிருப்பது நல்லது. சுவரிலும் கூரையிலும் இருக்கும் காந்தக் கொக்கிகளை எண்ணி எடுங்கள். பொதுப் பொருட்கள் யாருடையவை, பொதுச் செலவு யாருக்கு எவ்வளவு பாக்கி என்பதையும் அன்று சாப்பாட்டு மேஜையிலேயே தீர்த்துவிடுங்கள், கப்பலை விட்டு இறங்கினால் ஆளுக்கொரு டாக்சியில் போய்விடுவார்கள்.